லெஸ்டர் யங்கை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

நண்பர் ஒருவருக்கு மூன்று சிடி கொண்ட பெட்டி ஒன்றைக் கேட்கக் கொடுத்தேன். பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழு 1937 முதல் 1939 வரை டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த அத்தனையும் அதில் இருக்கிறது. அந்தக் குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் லெஸ்டர் யங். 'லெஸ்டர் யங் என்றால் இதுதான்' என்று சொல்லித்தான் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க ஆள் எப்போ வாசிக்கிறார்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் கொள்ளும். குழுவில் பதின்மூன்று பதினான்கு பேர். ட்ரம்பெட்டுக்கு ஒரு முறை, ட்ராம்போனுக்கு ஒரு முறை, பேஸியின் பியானோவுக்கு ஒரு முறை என்று பங்கு போட்டதுபோக லெஸ்டருக்குக் கிடைப்பது பதினாறு பார் (ஒரு பார் என்பது நான்கு தாள எண்ணிக்கை), மிஞ்சினால் முப்பத்திரண்டு. வேகமான பாட்டில் பதினாறு பார் இருபது நொடிக்குள் ஓடிவிடும். போதாக்குறைக்கு அதே குழுவில் ஹெர்ஷல் எவன்ஸ் என்று இன்னொரு டெனர் சாக்ஸபோன்காரரும் உண்டு. 'ஒன் ஓ க்ளாக் ஜம்ப்' தட்டில் முதலில் வரும் டெனர் சோலோ, அதாவது தனி வாசிப்பு, எவன்ஸுடையது. இடையில் ட்ராம்போன் வந்து போன பிறகுதான் லெஸ்டர் வருகிறார். என் நண்பர் எவன்ஸைக் கேட்டு லெஸ்டர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தப்பு அவருடையதில்லை, எங்கே தொடங்குவது என்று சொல்லத் தெரியாத என்னுடையது.

அதனால்தான் இந்தக் கணக்கு. லெஸ்டர் யங்கின் பதிவுகளைச் சுமாராக நான்கு மூட்டைகளாகக் கட்டலாம். பேஸி குழுவோடு 1936 முதல் 1940 வரை. அதே ஆண்டுகளில் பாடகி பில்லி ஹாலிடேயோடு. 1938 முதல் 1944 வரை சின்னக் குழுக்களோடு. அப்புறம், ராணுவத்திலிருந்து வெளியே வந்த 1945 கடைசியிலிருந்து 1959இல் இறக்கும்வரை. எதை முதலில் வாங்குவது, அல்லது ஸ்ட்ரீமிங்கில் எதை முதலில் தேடுவது?

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பிறந்தது 1909இல், மிசிசிப்பி மாநிலத்தின் உட்வில் ஊரில். அப்பா நடத்திய குடும்ப இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்து, பிறகு சாக்ஸபோனுக்கு மாறியவர். அன்றைக்கு டெனர் சாக்ஸபோன் என்றாலே கோல்மன் ஹாக்கின்ஸ்தான். கனத்த நாதம், அகலமான அதிர்வு, ஒவ்வொரு கார்டையும் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டும் வாசிப்பு. லெஸ்டர் இதற்கு நேரெதிர். மெலிந்த நாதம், கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் ஸ்வரம், பாரின் எல்லைக்கோட்டைக் கண்டுகொள்ளாமல் நீளும் வாக்கியங்கள். 1934இல் ஹாக்கின்ஸ் ஐரோப்பாவுக்குப் போனதும் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் அவர் இடத்துக்கு லெஸ்டரை எடுத்தார்கள். குழுவினருக்கு அந்த நாதம் பிடிக்கவில்லை. ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸின் தட்டுகளைப் போட்டுக்காட்டி, இப்படி வாசிக்கக் கூடாதா என்று பாடம் நடத்தினார். சில மாதங்களில் லெஸ்டர் கிளம்பிவிட்டார்.

சரி, முதல் மூட்டை. பேஸி குழுவை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. லெஸ்டர் வளர்ந்த தரை அதுதான். பேஸியின் பியானோ, ஃப்ரெடி கிரீனின் கிட்டார், வால்டர் பேஜின் பாஸ், ஜோ ஜோன்ஸின் டிரம்ஸ் என்று நான்கு பேரும் ஒரே மூச்சாகத் தாளத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஜோன்ஸ் தாளத்தைப் பெரிய டிரம்மிலிருந்து எடுத்து, ஜால்ராபோல இரண்டு சேர்ந்த ஹை ஹாட் சிம்பலில் வைத்தார். அதனால் அடியில் இடி இல்லை, சலசலப்பு மட்டும். அந்தச் சலசலப்பின் மேல்தான் லெஸ்டரால் அவ்வளவு லேசாக நடக்க முடிந்தது. கனமாக அடிக்கும் தாளத்தோடு அவரை உட்காரவைத்தால் பாதி மந்திரம் போய்விடுகிறது. பிற்காலப் பதிவுகள் சிலவற்றில் இதை நன்றாகவே கேட்கலாம்.

ஆனால் இந்த மூட்டையைப் பொறுக்கி எடுத்துக் கேட்க வேண்டும். என் நண்பரிடம் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பதற்குப் பதிலாக நான்கே தட்டுகளைச் சொல்லியிருக்கலாம். 'எவ்ரி டப்', 1938. குழு ஒரு குரல் கொடுத்து நிறுத்தியதும் லெஸ்டர் கிட்டத்தட்டத் தனியாகப் புறப்படுகிறார், தவறவிடவே முடியாது. 'ஜம்ப்பின் அட் த உட்சைட்', அதே ஆண்டு. 'டாக்சி வார் டான்ஸ்', 1939. 'டிக்கிள் டோ', 1940, லெஸ்டரே எழுதியது. கடைசி இரண்டும் டெக்கா பெட்டியில் கிடையாது என்பதைக் கவனியுங்கள். 1939 தொடக்கத்தில் டெக்கா ஒப்பந்தம் முடிந்ததும் பேஸி கொலம்பியா பக்கம் போய்விட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் ஹெர்ஷல் எவன்ஸும் இறந்துபோனார். உரிமைகள் இரண்டு நிறுவனங்களிடம் பிரிந்து கிடப்பதால், டெக்கா பெட்டியை மட்டும் வாங்குகிறவருக்கு அதற்குப் பிந்திய 1939, 1940 பதிவுகள் கிடைக்காது. லெஸ்டருக்காக என்று பார்த்தால் அந்தப் பின்பாதிதான் எனக்குப் பிடித்தது. குழுவுக்காக என்றால் டெக்காதான்.

இதில் விதிவிலக்கு ஒன்று உண்டு. 1936இல் சிகாகோவில், பேஸி குழுவிலிருந்து ஐந்து பேரும் பாடகர் ஜிம்மி ரஷிங்கும் சேர்ந்து நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பேஸி ஏற்கெனவே டெக்காவிடம் கையெழுத்துப் போட்டிருந்ததால் அவர் பெயரைப் போட முடியவில்லை. ட்ரம்பெட்காரர் ஸ்மித், டிரம்ஸ்காரர் ஜோன்ஸ் பெயர்களில் 'ஜோன்ஸ் ஸ்மித் இன்கார்ப்பரேட்டட்' என்று தட்டு வந்தது. லெஸ்டரின் முதல் பதிவு இதுதான். அப்போது வயது இருபத்தேழு, வாசிப்பு அதற்குள் முழுசாக முற்றியிருக்கிறது. 'ஷூ ஷைன் பாய்', 'லேடி பி குட்' இரண்டிலும் முழு இரண்டு கோரஸ் (மெட்டின் முழுச் சுற்று ஒன்று ஒரு கோரஸ்), அதாவது அறுபத்துநான்கு பார், தொடர்ந்து வாசிக்கிறார். பேஸி மூட்டையிலிருந்து ஒன்றே ஒன்று போதும் என்கிறவர்களுக்கு நான் 'லேடி பி குட்' சொல்வேன்.

இரண்டாவது மூட்டைக்கு வருகிறேன். என் வாக்கு இதற்குத்தான், முன்பே சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பெரும்பாலோருக்குக் காது பழகியிருப்பது பாட்டில். சொல்லே இல்லாத வாத்தியத்தை மூன்று நிமிடம் பின்தொடர்வதைவிட, குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பக்கத்தில் வரும் வாத்தியம் தானாகக் கேட்கத் தொடங்கிவிடும். பில்லி ஹாலிடேயோடு லெஸ்டர் வாசித்தவை அதற்கென்றே செய்தவைபோல இருக்கின்றன. 1937 ஜனவரி 25ஆம் தேதி நியூயார்க்கில், பியானோ கலைஞர் டெடி வில்சனின் தலைமையில் ஒரு சின்னக் குழு கூடியது. ஏற்பாடு தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட். அன்று பதிவான 'திஸ் இயர்ஸ் கிஸஸ்' பாட்டின் மெட்டை முதலில் லெஸ்டர் வாசிக்கிறார், அலங்காரம் அதிகம் இல்லாமல். பிறகு பில்லி பாட வருகிறார். ஒருவர் விட்ட மூச்சில் இன்னொருவர் தொடங்கியதுபோல இருக்கும். யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

அதே ஆண்டு ஜூன் 15இல் பதிவான 'எ செயில்போட் இன் த மூன்லைட்' இன்னும் ஒரு படி மேல். பாட்டு சாதாரணம்தான். நிலவொளி, படகு, காதலர்கள் என்று சர்க்கரைப்பாகு. அதைப் பிரபலமாக்கியதும் கை லொம்பார்டோவின் தித்திப்பான நடனக் குழுதான். பில்லி பாடத் தொடங்கியதும் லெஸ்டர் பின்னால் வாசிக்க ஆரம்பிக்கிறார், அந்தச் சுற்று முழுக்க நிறுத்துவதில்லை. பக்கவாத்தியம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அவர் குரலின் நிழலாகப் போவதில்லை. அவள் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தும்போது இவர் கீழே இறங்குகிறார். அவள் முடிப்பதற்கு முன்பே அடுத்த வரிக்கான வழியைத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஒரு பாட்டை வாசிப்பதற்கு முன் அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது லெஸ்டரின் பழக்கம். இந்தப் பதிவைக் கேட்டால் அது எதற்கு என்று புரியும். அன்றே பதிவான 'மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ' இரண்டு டேக்குகளாக, அதாவது அதே பாட்டை இரண்டு தடவை வாசித்த பதிவுகளாக, கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பில்லி பாடுவது ஏறக்குறைய அதேதான், லெஸ்டரின் பின்னல் மாறியிருக்கும். மனோதர்மம் என்றால் என்ன என்று விளக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

அவர் முன்னால் வந்து வாசிப்பதைக் கேட்க வேண்டுமென்றால் 1938 ஜனவரியில் பதிவான 'வென் யூ ஆர் ஸ்மைலிங்'. ஜாஸில் மிக நல்ல சோலோக்கள் பத்தை எண்ணச் சொன்னால் என் பட்டியலில் இது எப்போதும் இருக்கும். அதிலும் இரண்டு டேக் உண்டு. பில்லிக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தவர் லெஸ்டர். அவருக்கு 'ப்ரெஸ்' என்று பெயர் வைத்தவர் பில்லி, பிரெசிடெண்டின் சுருக்கம். இரண்டு பெயர்களும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த மூட்டையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, தேடுவது தொல்லை. சில தட்டுகள் பில்லியின் பெயரில் வந்தவை, சில 'டெடி வில்சன் அண்ட் ஹிஸ் ஆர்க்கெஸ்ட்ரா' என்ற பெயரில். லெஸ்டர் பெயரைப் போட்டுத் தேடினால் பாதி கைக்கு வராது. இரண்டு, எல்லாத் தட்டிலும் அவருக்குச் சம பங்கு இல்லை. சிலவற்றில் எட்டு பார் வாசித்துவிட்டு மறைந்துவிடுவார். மூன்று, பில்லியின் கொலம்பியா காலத்துப் பதிவுகள் முழுவதும் வேண்டும் என்று 2001இல் வந்த பத்து சிடி பெட்டியை வாங்கினால், லெஸ்டர் இல்லாத ஆண்டுகளையும் சேர்த்து வாங்குகிறீர்கள். பில்லிக்காக அது தகும். லெஸ்டருக்காக மட்டும் என்றால் இருவர் பெயரும் அட்டையில் உள்ள சின்னத் தொகுப்பு எதுவானாலும் போதும். 1937, 1938 ஆண்டுகள் அதில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மூட்டை. விவரம் தெரிந்தவர்கள் பலர் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு லெஸ்டர் என்று கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியே. 1943 டிசம்பர் 28இல் கீநோட் நிறுவனத்துக்காக நால்வர் வாசித்தது இந்த மூட்டையின் நடுநாயகம். பியானோவில் ஜானி குவார்னியேரி, பாஸில் ஸ்லாம் ஸ்டூவர்ட், டிரம்ஸில் சிட் கேட்லெட். 'ஜஸ்ட் யூ, ஜஸ்ட் மீ', 'ஐ நெவர் நியூ', 'சம்டைம்ஸ் ஐயம் ஹாப்பி', 'ஆஃப்டர்நூன் ஆஃப் எ பேஸியைட்' என்று நான்கே பாட்டு. வேறு ஊதுகருவி கிடையாது. மறைவதற்கு இடமே இல்லை, அவர் மறையவும் இல்லை. 'சம்டைம்ஸ் ஐயம் ஹாப்பி'யில் அவசரமே இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்போல, விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஸ்லாம் ஸ்டூவர்ட் பாஸை வில்லால் இழுத்துக்கொண்டே கூடவே முனகும் பழக்கம் உள்ளவர். சிலருக்கு அது வேடிக்கை, எனக்கு மூன்றாவது தடவையிலிருந்து சலிக்கத் தொடங்கிவிடும். இதை ஏன் முதலாவதாகச் சொல்லவில்லை என்றால், லெஸ்டர் என்ன செய்கிறார் என்று தெரிந்தபிறகுதான் இதன் ருசி முழுதாகப் பிடிபடுகிறது. தெரியாதவருக்கு ஒரு நல்ல சாக்ஸபோன்காரர் இதமாக வாசிக்கிறார் என்றுதான் படும்.

1938 செப்டம்பரில் கமடோர் நிறுவனத்துக்காக 'கான்சஸ் சிட்டி சிக்ஸ்' வாசித்த பாட்டுகள் வேறு வகை. பியானோவே இல்லை. எடி டர்ஹம் வாசிப்பது மின்சார கிட்டார், ஜாஸில் அது தட்டேறிய மிக ஆரம்ப நாட்கள். லெஸ்டர் பாதி நேரம் சாக்ஸபோனை வைத்துவிட்டுக் கிளாரினெட்டை எடுக்கிறார். 'ஐ வான்ட் எ லிட்டில் கேர்ள்' பாட்டில் அந்தக் கிளாரினெட்டைக் கேட்டுப் பாருங்கள். அவ்வளவு கூச்சமும் அவ்வளவு தெளிவும் ஒன்றாகச் சேர்ந்த ஒலியை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. அவருடைய கிளாரினெட் பதிவுகள் மிகக் கொஞ்சம் என்பதால் இது தங்கம். அடுத்த ஆண்டு பேஸியோடு 'கான்சஸ் சிட்டி செவன்' பெயரில் வந்த 'லெஸ்டர் லீப்ஸ் இன்' எல்லாத் தொகுப்பிலும் இருக்கும், தேடித் திரிய வேண்டியதில்லை. 1942இல் நாட் கிங் கோலின் பியானோவோடும் ரெட் கேலண்டரின் பாஸோடும் டிரம்ஸ் இல்லாமல் வாசித்த நான்கு பாட்டுகளும் இந்த மூட்டையில் சேரும். ராத்திரி விளக்கணைத்துவிட்டுக் கேட்க வேண்டியவை.

நான்காவது மூட்டைதான் சண்டைக்குரியது. 1944 கடைசியில் லெஸ்டரை ராணுவத்துக்கு இழுத்தார்கள். 1945 பிப்ரவரியில், அலபாமாவின் ஃபோர்ட் மெக்லெலனில், கஞ்சாவும் தூக்க மாத்திரையும் வைத்திருந்ததாக ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. ஜார்ஜியாவில் ராணுவச் சிறை, பிறகு அவமதிப்போடு வெளியேற்றம். அதோடு லெஸ்டர் முடிந்துவிட்டார், பிற்பாடு வாசித்ததெல்லாம் சக்கை என்று ஒரு கட்சி. இல்லை, பிற்காலத்தில்தான் ஆழம் என்று எதிர்க்கட்சி. இரண்டும் தட்டுகளைக் கேட்டுப் பேசுவதைவிட அவர் வாழ்க்கைக் கதையைக் கேட்டுப் பேசுவதாகவே எனக்குப் படுகிறது. வெளியே வந்தவுடன் ஃபைலோ (பின்னாளில் அலாடின்) நிறுவனத்துக்காக வாசித்தது 'டி.பி. ப்ளூஸ்'. டி.பி. (டிடென்ஷன் பாரக்ஸ்) என்பது அந்தத் தடுப்புக்காவல் கொட்டடிதான். ஆனால் வாசிப்பில் புலம்பல் கிடையாது, குதூகலம்கூட இருக்கிறது. கூடவே பதிவான 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்' பாட்டில் மூல மெட்டை ஒரு தடவைகூட நேராகத் தொடாமல் தன் மெட்டையே வாசிக்கிறார். முடிந்துபோன மனிதர் செய்கிற காரியமா அது? இவையெல்லாம் அலாடின் பதிவுகள் என்ற பெயரில் இரண்டு சிடியாக 1995இல் வந்தன. இந்த மூட்டையில் பணம் போடத் தகுந்த முதல் பொருள் அது.

1946இல் நாட் கோலும் டிரம்ஸ்காரர் பட்டி ரிச்சும் சேர்ந்த மூவர் பதிவு அடுத்தது. வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் நாட் கோலின் பெயரை மறைத்துப் புனைபெயர் போட்டார்கள். பாஸ் இல்லாததால் பியானோவின் இடதுகைதான் தரை. அதற்குப் பிறகு தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸுக்காக லெஸ்டர் வாசித்தவை எக்கச்சக்கம். கிரான்ஸின் வெர்வ் நிறுவனத்து ஸ்டுடியோ பதிவுகள் முழுவதும் எட்டு சிடி பெட்டியாக 1999இல் வந்தன. அதை வாங்க நினைப்பவரைத் தடுத்து நிறுத்த எனக்கு ஆசை. நல்லதும் சோர்ந்ததும் ஒரே பெட்டியில் மாறி மாறி வரும், எட்டையும் வரிசையாகக் கேட்டால் மனசு கனத்துவிடும். அதற்குப் பதிலாக 1956 ஜனவரியில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் பதிவான இரண்டு ஆல்பங்கள் போதும்: ட்ரம்பெட்காரர் ராய் எல்ட்ரிட்ஜ், ட்ராம்போன்காரர் விக் டிக்கன்சனோடு 'ஜாஸ் ஜெயண்ட்ஸ் 56', டெடி வில்சனோடு 'ப்ரெஸ் அண்ட் டெடி'. பின்னதில் 'ப்ரிசனர் ஆஃப் லவ்' கேளுங்கள். நாதம் தடித்திருக்கிறது, வேகம் குறைந்திருக்கிறது, சொற்கள் எண்ணி எடுத்தவை. 1937இல் அதே டெடி வில்சனோடு வாசித்தவர்தானே என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது மூட்டை கையில் இருந்தால் நல்லது. வாஷிங்டன் நகரத்தின் ஒரு விடுதியில், உள்ளூர் பியானோ கலைஞர் பில் பாட்ஸின் மூவர் குழுவோடு 1956 டிசம்பரில் வாசித்ததைப் பாட்ஸே பதிவு செய்து வைத்திருந்தார். அது பல பாகங்களாகக் கிடைக்கிறது, முதல் பாகம் போதும்.

ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. லெஸ்டர் யங் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது 1957 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் பில்லி பாடிய 'ஃபைன் அண்ட் மெல்லோ' காணொளி. இன்னொரு டெனர் சாக்ஸபோன்காரர் பென் வெப்ஸ்டர் வாசித்து முடித்ததும் லெஸ்டர் எழுந்து பன்னிரண்டு பார் வாசிக்கிறார், பில்லி அவரைப் பார்த்தபடி தலையசைக்கிறாள். உடம்பு நலிந்த மனிதர், ஒரே ஒரு கோரஸ். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் தயவுசெய்து அதை முதலாவதாகப் பார்க்காதீர்கள். 'செயில்போட்' தெரிந்தபிறகு பார்த்தால் அது இரண்டு பேர் இருபது வருடத்துக்குப் பின் பேசிக்கொள்வது. தெரியாமல் பார்த்தால் நோயாளி ஒருவர் ஊதுவது மட்டும்தான். 1959 மார்ச்சில் லெஸ்டர் பாரிஸிலிருந்து நியூயார்க் திரும்பி இறந்தார், நான்கு மாதம் கழித்து பில்லியும்.

வாங்குவதில் கடைசியாக ஒரு விஷயம். ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமைக் காலம் நெடுநாள் ஐம்பது ஆண்டாக இருந்ததால், லெஸ்டரின் போருக்கு முந்திய பதிவுகளை யார் வேண்டுமானாலும் அங்கே மறுபடி வெளியிட முடிந்தது. மலிவான தொகுப்புகள் குவிந்து கிடக்கக் காரணம் அதுதான். மலிவு என்பதற்காகத் தள்ள வேண்டாம், அட்டையில் போட்ட பொன்னெழுத்தைப் பார்த்து நம்பவும் வேண்டாம். சோதனை எளிது. ஏதாவது ஒரு பேஸி பாட்டைப் போட்டு ஜோ ஜோன்ஸின் ஹை ஹாட் கேட்கிறதா என்று கவனியுங்கள். பழைய தட்டின் கீறல் சத்தத்தை அளவுக்குமீறி வழித்தெடுத்தால் கீறலோடு சேர்ந்து முதலில் போவது அந்த சிம்பல்தான், அதோடு சாக்ஸபோனின் மூச்சும். கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் சிம்பல் உயிரோடு இருக்கும் பதிப்பை எடுங்கள். 1960களில் மோனோவை இழுத்துப் போலி ஸ்டீரியோவாக்கிய எல்பிகள் பழைய கடைகளில் கண்ணில் படும், தொடவே வேண்டாம்.

நண்பருக்கு இந்தத் தடவை பில்லியோடு வாசித்த பன்னிரண்டு பாட்டுகளை மட்டும் எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் கூப்பிட்டு, "அந்த டெக்கா பெட்டி இன்னும் உங்ககிட்டதானே இருக்கு?" என்றார்.